ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்



"மேற்படிப்பு பற்றி ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆளே நான்தான். அப்பா கொத்தனார். அம்மா தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நான் போய் மேற்படிப்பு பற்றி எழுதுவதா? ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே ஒரு படிப்பு என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அதன் பெயர் லாஜிஸ்டிக்ஸ். பொருளை வேண்டிய இடத்துக்கு, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. "இதுக்கு எதுக்குடி படிப்பு? லாரி இருந்தா போதாதா?" என்று என் தோழி கேட்டாள். லாரி போதாது என்பதை நான் தண்ணீருக்குள் நின்று கற்றுக்கொண்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகரத்தில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை. நாம் எல்லோரும் அதை அனுபவித்தவர்கள்தானே! எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. மழை விட்டது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணை கரை மீறியது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் என்று ஆற்றோரத்து ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணியும் பொங்கிக்கொண்டிருந்ததால் அங்கே இருக்கும் என் அத்தை வீட்டுக்கும் போக வழியில்லை.

மறுநாளிலிருந்து மூன்று நாளும் நிவாரண வண்டி வந்தது. யார் அனுப்பினார்கள் என்பது இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஆனால் வண்டி மூன்று நாளும் மெயின் ரோட்டில், கோயில் திடலிலேயே நின்றது. முன்தெருக்காரர்களுக்கு மூன்று நாளும் பிரெட், பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில் கிடைத்தது. எங்கள் பின்தெரு அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர். இடையில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவின் கடையில் இருந்த மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட் எல்லாம் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. கடைசியாக இருந்த இரண்டு பால் பவுடர் பாக்கெட்டை எட்டு மாதக் குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா கொடுத்தார். காசு கேட்கவில்லை. அதுவும் தீர்ந்தபிறகு அந்தக் குழந்தை கஞ்சித் தண்ணீர்தான் குடித்தது.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தபிறகு வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. வந்ததில் பாதி பழைய துணி. இறக்கிக் கொடுத்தவரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே மூன்று தேதி, மூன்று டிக். அவர் பொய் எழுதவில்லை. ஊருக்கு வண்டி வந்தது உண்மைதான். தெருவுக்கு வரவில்லை என்று எழுத அந்த நோட்டில் கட்டமே இல்லை!

கல்லூரி திறந்ததும், எங்களுக்கு இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங் எடுக்கும் சாரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "இது ஒரு சப்ஜெக்ட்டும்மா. இதுல பி.எச்டி. பண்றாங்க, இதையே முப்பது நாப்பது வருஷம் ஆராய்ச்சி பண்ற புரொஃபசருங்க இருக்காங்க" என்றார். நான் நம்பவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

இந்தத் துறைக்கு இரண்டு கால்கள். ஒன்று, கடை வியாபாரத்தின் லாஜிஸ்டிக்ஸ். மற்றது, பேரிடர் நிவாரணத்தின் லாஜிஸ்டிக்ஸ். இரண்டாவதைத் தனிப் படிப்பாக உலகம் கவனிக்க ஆரம்பித்ததே 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் என்று சொல்லலாம். பிரான்சிலுள்ள இன்சியாட் நிறுவனத்தின் பேராசிரியர் லுக் வான் வாசன்ஹோவ் 2006இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் படிப்பது. நிவாரண வேலையில் சுமார் 80 சதவீதம் லாஜிஸ்டிக்ஸ்தான் என்கிறார் அவர். பின்லாந்தில் ஹெல்சின்கியிலுள்ள ஹான்கன் கல்லூரியில் 2008இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 2011இல் தனி ஆய்விதழும் வந்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நம்மூர் மீனவர்கள் பட்ட பாடு, எங்கோ பனி பெய்கிற ஊரில் பாடப் புத்தகம் ஆகியிருக்கிறது! அந்தச் சுனாமியின்போது தமிழ்நாட்டில் வந்து குவிந்த பழைய துணிகள் வேண்டுவாரின்றிக் கிடந்தன. அந்த மலையைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையை டெல்லியின் கூஞ்ச் அமைப்பு எடுத்துச் செய்தது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015இல் ராமன் மகசேசே விருது கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வந்த துணி மூட்டையைப் பார்த்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது.

சரி, கடைக்கு வருவோம். நம் பாடத்தில் இ.ஓ.க்யூ. சூத்திரம் வரும் அல்லவா? எத்தனை ஆர்டர் போட்டால் செலவு குறையும் என்று? அதை ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க என்ஜினியர் 1913இல் எழுதினார். நாம் மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுகிறோம். நான் அதை அம்மாவிடம் விளக்கப் போய் அவமானப்பட்டேன். அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டமான கணக்கு ஒன்று ஏற்கெனவே தெரியும்.

பன் கணக்கு அது. ஒரு பன் 4 ரூபாய்க்கு வாங்கி 5 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் லாபம் 1 ரூபாய். மிஞ்சினால் மறுநாள் கெட்டுப்போகும், நட்டம் 4 ரூபாய். எத்தனை பன் வாங்க வேண்டும்? ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். லாபத்தை, லாபமும் நட்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 1ஐ 5ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்று. அதாவது ஐந்து நாளில் ஒரு நாள்தான் கேட்டவருக்கெல்லாம் பன் கிடைக்கும். நான்கு நாள் கடைசியில் வருபவர் வெறுங்கையோடு போவார். அந்த அளவுக்குக் குறைவாக வாங்குவதுதான் கடைக்கு லாபம். அம்மா எந்தச் சூத்திரமும் இல்லாமல் அப்படித்தான் வாங்குகிறார். "இல்லன்னா இல்லதான், போய்ட்டு நாளைக்கு வா" என்பார். மெழுகுவர்த்தி கெட்டுப்போகாது, அதனால் அதைப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்.

(பெரிய கடைக்காரர்களும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். அமெரிக்காவில் வால்மார்ட் 2004இல் தன் பழைய விற்பனைக் கணக்கைப் புரட்டியபோது, புயல் வருவதற்கு முன்னால் ஸ்ட்ராபெரி பாப்-டார்ட் என்ற தின்பண்டம் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்பது தெரிந்தது. அடுப்பு இல்லாமல் சாப்பிடலாம், கெடாது. உடனே லாரி லாரியாக அதை ஏற்றிப் புயல் பாதைக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் அது பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும்தான் என்று அம்மா கணக்கைப் புரட்டாமலே சொல்லிவிடுவார்.)

இப்போது இதே பன் கணக்கை வெள்ளத்துக்குள் கொண்டுபோங்கள். பன் கிடைக்காமல் போனவருக்கு நட்டம் 1 ரூபாயா? இந்த இடத்தில்தான் கடைக் கணக்கு உடைகிறது. அமெரிக்காவில் ரென்சலார் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் ஹோசே ஹோல்குயின்-வெராஸ், கத்ரீனா புயல், ஹெய்ட்டி பூகம்பம், ஜப்பான் சுனாமி என்று பல இடங்களை ஆராய்ந்தவர். 2013இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நிவாரணத்தில் டீசல் செலவை மட்டும் கணக்கிடக் கூடாது; பொருள் கிடைக்காமல் மனிதர் படும் வேதனையையும் ஒரு செலவாகப் போட வேண்டும். அது நேரம் போகப் போகச் சீராக ஏறாது, எகிறும். தண்ணீர் இல்லாத முதல் மணி நேரமும் முப்பதாவது மணி நேரமும் ஒன்றாகுமா?

இதைப் படித்த இரவு நானே ஒரு கணக்குப் போட்டேன். பொருள் இல்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் இருக்கிறார்களோ, அதன் வர்க்கம்தான் வேதனை என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளுக்கு 1, இரண்டு நாளுக்கு 4, மூன்று நாளுக்கு 9. மூன்று நாள், மூன்று லோடு. மூன்றும் முன்தெருவுக்கே போனால் முன்தெருவின் வேதனை 0, பின்தெருவின் வேதனை 9. மாற்றி, முதல் நாள் முன்தெரு, இரண்டாம் நாள் பின்தெரு, மூன்றாம் நாள் மறுபடி முன்தெரு என்று போனால்? பின்தெருவுக்கு முதல் நாள் 1, மூன்றாம் நாள் 1. முன்தெருவுக்கு நடுவில் 1. மொத்தம் 3. ஒன்பது எங்கே, மூன்று எங்கே! லோடு அதே மூன்றுதான். நோட்டிலும் அதே மூன்று டிக்தான் விழும். அதைப் போட்டு முடித்தபிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

அந்த நோட்டை என்னால் மறக்க முடியவில்லை. அது எங்கள் ஊர் விவகாரம் மட்டும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. நிகோல் டிஹோரேஷியஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளரும், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ஆனந்த் ராமனும் (பெயரைப் பாருங்கள், நம்ம பக்கத்துப் பெயர்!) 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 சரக்குப் பதிவுகளை எடுத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் எண்ணிக்கையையும் அலமாரியில் உண்மையில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் தவறு! பார்கோடு, ஸ்கேனர், கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருந்த கடையில்! பத்துப் பொருள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும், அலமாரி காலியாக இருக்கும். கம்ப்யூட்டர் புது ஆர்டர் போடாது. வாடிக்கையாளர் திரும்பிப் போவார். அதுவும் எங்கேயும் பதிவாகாது.

இன்னொன்று நம் புதுச்சேரியிலேயே நடந்தது. 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாவதாகச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. எங்கள் பாட்டி பணம் வந்திருக்கிறதா என்று கேட்கவே பஸ் ஏறி வங்கிக்குப் போய் வரிசையில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போக வர பஸ் காசு, ஒரு நாள் கூலி இரண்டும் போய்விடும். இந்த முறை எப்படி நடக்கிறது என்று நிதி ஆயோக்குக்காக ஆராய்ந்தவர்கள் பொருளாதாரப் பேராசிரியர்களான கார்த்திக் முரளிதரனும், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோரும். அரசுப் பதிவின்படி பணம் போய்ச் சேராதது 1 சதவீதத்துக்கும் கீழே. வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, கடைசிச் சுற்றிலும்கூட சுமார் 20 சதவீதம் பேர் தங்களுக்கு வரவில்லை என்றார்கள். யாராவது திருடினார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேறு கணக்கில் விழுந்திருக்கலாம், வந்தது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாட்டியின் கையில் இல்லை, அதுதானே முக்கியம்? அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நாளாக ஆகப் பணமே மேல் என்று சொன்னவர்கள் அதிகமானார்கள். என் பாட்டி அந்தக் கட்சி இல்லை. 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மறுபடியும் திறந்து அரிசி கொடுத்தபோது முதல் ஆளாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அவர்.

ஒரு கோடி ரூபாய் கம்ப்யூட்டர் இல்லாமல் இந்தத் துறையில் எதுவும் செய்ய முடியாதோ என்று பயந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை கிடைத்தது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில், கடைக்குப் போகவோ சமைக்கவோ முடியாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை ஒன்று நடந்தது. தினமும் சுமார் 200 வீடு. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் இறந்துபோவார், புதிதாக ஒருவர் சேருவார். அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஜார்ஜியா டெக் பேராசிரியர்கள் ஜான் பார்த்தோல்டியும் லோரன் பிளாட்ஸ்மேனும் மற்ற இருவரோடு சேர்ந்து 1983இல் வெளியிட்ட வழி, இரண்டு அட்டைப் பெட்டிதான்!

நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையை எடுக்காமல் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். அதைப் போன்ற ஒரு நெளிகோட்டை ஊர் வரைபடத்தின் மேல் போட்டார்கள். கோட்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு வீடு வருகிறதோ, அதுவே அந்த வீட்டின் எண். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. அட்டைகளை எண் வரிசையில் அடுக்கினால் அதுதான் வண்டி போகும் வழி! புது ஆள் வந்தால் அவர் அட்டையை அவர் எண்ணுக்குரிய இடத்தில் செருக வேண்டும். ஒருவர் போய்விட்டால் அட்டையை உருவ வேண்டும். மற்றது எதுவும் மாறாது. நான்கு வண்டி என்றால் சீட்டுக்கட்டு வெட்டுவதைப் போல நான்காக வெட்டிக் கொடுத்தால் போதும். பெயர் வரிசையில் இன்னொரு பெட்டி. யாருடைய அட்டை எங்கே என்று தேட. இந்த வழி மிகக் குறைந்த தூரத்தைவிடச் சராசரியாக 25 சதவீதம் கூடுதல் ஆகும். ஆனால் அரை நிமிடத்தில் யாராலும் செய்ய முடியும். (கோலத்துக்கும் கணக்குக்கும் உள்ள உறவை நம்மூர்க்காரர்களும் விடவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் மற்றவர்களும் 1970களிலேயே கோலத்தை வைத்துக் கம்ப்யூட்டர் இலக்கணம் எழுதினார்கள்.)

இனி, நம் எல்லோருக்கும் வேண்டிய விஷயம். டிப்ளமாவிலிருந்து அங்கே போக வழி உண்டா? உண்டு. டிப்ளமா முடித்து, சென்டாக் வழியாக லேட்டரல் என்ட்ரியில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது மூன்று வருடம். பி.டெக். மூன்றாம் ஆண்டிலேயே கேட் தேர்வு எழுதலாம். எம்.டெக். இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங் திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது; கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதற்குப் பிறகு பி.எச்டி. நான்கைந்து வருடம்.

"அவ்ளோ வருஷமா? அதுவரைக்கும் யாரு சோறு போடுறது?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியாமல்தான் இருந்தது. கேட் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐ.ஐ.டி. மாதிரி இடத்தில் பி.எச்டி. என்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. படிக்கிறதுக்குச் சம்பளமா என்று அப்பா மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் ஆமாம் என்றேன். "பொய் சொல்லாத பாப்பா" என்றார். நம்மில் பலர் வீட்டில் இந்தத் தொகை தெரியாததால்தான் பேச்சு திருபுவனை, சேதராப்பட்டுக் கம்பெனிகளோடு நின்றுவிடுகிறது. கம்பெனி வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. என் அண்ணன் முறைக்காரர்கள் இரண்டு பேர் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் பணத்தில்தான் என் கல்லூரிக் கட்டணம் பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

நடுவில் இருக்கிற மலை அந்த மூன்று வருட பி.டெக்.தான். அதற்குச் சம்பளம் கிடையாது. அதுவும் லேட்டரலில் போகும் நாம் இரண்டாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் திணறுவோம் என்று சீனியர் அக்கா ஒருவர் எச்சரித்தார். அவர் சொல்லித்தான் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்புகளை என்.பி.டெல்.லில் பார்க்க ஆரம்பித்தேன். இலவசம், போனிலேயே பார்க்கலாம். நிதானமாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரியே சொல்லித் தருகிறார். ஒரு வகுப்பை நான் நான்கு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "மொதல்ல டிப்ளமாவ முடி" என்கிறார். ஆனால் போன மாதம் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் கெட்டி அட்டை. "நீ எதோ அட்டை அட்டைன்னு சொன்னியே" என்றார்.

அதில்தான் எங்கள் ஊருக்கு அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாதான் தகவல் தருகிறார். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், யார் சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர், எந்த வாசல் வரைக்கும் தண்ணீர் வந்தது. கடைக்கு யார் என்ன வாங்க வருகிறார்கள் என்று பார்த்தே இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் அம்மா சொன்னதையும் அப்படியே எழுதுவதில்லை, வீட்டுக்குப் போய் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை ஐந்து அட்டை திருத்த வேண்டியிருந்தது. பின்தெரு முடிந்துவிட்டது, 64 அட்டை. முன்தெரு பாதிதான் ஆகியிருக்கிறது. குருவிநத்தம், சோரியாங்குப்பம் பக்கத்திலிருந்து வரும் தோழர்கள் தங்கள் தெருவுக்கும் எழுத நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கடைக்கு வாருங்கள். அட்டை நிறைய மிச்சம் இருக்கிறது. பேனா மட்டும் கொண்டு வரவும்.